முத்திரைக் கழகத்துக்கு ஓர் அலுமாரி

(கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டு, முத்திரை சேகரிப்போர் கழகத்தின் அறை திறந்துவைக்கப்பட்ட நாளில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்குப் பெரிய விடயங்கள் பல உண்டு. அவற்றையெல்லாம் மற்ற அக்காமார் பேசிவிட்டார்கள். எனக்குத் தரப்பட்ட விடயம் இந்த அறையில் நிற்கும் மூன்று பழைய தளபாடங்கள். ஒன்று, பதினைந்து லாச்சிகள் கொண்ட மரப்பெட்டி. ஒரு காலத்தில் நூலகமொன்றில் பட்டியல் அட்டைகளைத் தாங்கி நின்றது. இரண்டாவது, நான்கு லாச்சி இரும்புக் கோப்பு அலுமாரி. மூன்றாவது, கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலுமாரி. இது வேறெங்கும் இருந்து வந்ததல்ல, எங்கள் கல்லூரிக் களஞ்சிய அறையிலேயே உடைந்த வாங்குகளுக்குப் பின்னால் நின்றது. இவற்றை எப்படித் தேடிப் பிடித்தோம், எப்படித் திருத்தினோம் என்பதை வேறு கழகங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அதிபர் அம்மா விரும்பினார். ஆகவே கொஞ்சம் விபரமாகவே சொல்லப்போகிறேன்.

முத்திரை சேர்க்கிற பிள்ளைகளுக்கு அலுமாரி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. கழகத்தின் அல்பங்கள் ஆசிரியர் அறையில் மேசைக்குக் கீழே ஒரு கடதாசிப் பெட்டிக்குள் இருந்தன. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூரையில் ஓடு இல்லை. பெட்டி இருந்த இடத்தில் கறையான் மண் ஒரு கட்டியாகக் கிடந்தது. அதே கூரையின் கீழ், அதே மழையில், நான்கு அடி தள்ளி நின்ற இரும்பு அலுமாரி வெளியே கறள் பிடித்திருந்தது. உள்ளே இருந்த இரவல் பதிவேட்டை விரித்து வாசிக்க முடிந்தது.

அலுமாரி இருந்தால் எல்லாம் தப்பிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 1981 யூன் 1ஆம் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. தீக்கு முன்னால் அலுமாரி நிற்காது. ஆனால் மழை, கறையான், எலி, தூசி, மறதி ஆகிய ஐந்தும் எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் வருகிறவை. அவற்றுக்கு முன்னால் ஒரு நல்ல அலுமாரி நிற்கும். இந்த ஐந்திலும் பெரிய எதிரி மறதிதான். 1996க்குப் பிறகு இந்தக் கழகம் மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் நின்றுபோனது. பொறுப்பான ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போவார். அல்பங்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போகும். அந்தப் பிள்ளை உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் போய்விடுவாள். யாருடைய பிழையும் இல்லை. கழகத்துக்கென்று கல்லூரிக்குள் ஓர் இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான். பொருளுக்கு இடம் இல்லாத கழகம் ஆளோடு சேர்ந்து போய்விடும்.

சென்ற வருடம் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, புதிய அலுமாரி ஒன்றை வாங்கித் தருகிறேன் என்று வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரி உடனே முன்வந்தார். அவருடைய மனதுக்கு நன்றி. ஆனாலும் பழையதைத் தேடுவோம் என்று நாங்கள் தீர்மானித்ததற்கு மூன்று காரணங்கள் இருந்தன. முதலாவது, இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பலகை அலுமாரிகள் பெரும்பாலும் மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகையில் செய்தவை. ஒரு மாரியில் அடிப்பாகம் நனைந்தால் ஊதிவிடும், ஊதியது திரும்பாது. இரண்டாவது, முத்திரைக்கு வேண்டியது பெரிய தட்டு அல்ல, சின்னச் சின்ன லாச்சி. அப்படிப்பட்டது கடையில் இல்லை, செய்வித்தால் செலவு அதிகம். மூன்றாவது, பிள்ளைகள் தங்கள் கையால் தேய்த்துப் பொலிஷ் போட்ட அலுமாரியைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். வாங்கிக் கொடுத்த அலுமாரியில் கொடுத்தவரின் பெயர்ப்பலகை மட்டும்தான் துடைக்கப்படும். அந்தச் சகோதரியின் பணத்தில் ஒரு பகுதி பூட்டு, பிணைச்சல், வர்ணம், வண்டிக்கூலி ஆகியவற்றுக்குப் போனது. மீதி கழகக் கணக்கில் இருக்கிறது. வரவு செலவு முழுவதும் இரும்பு அலுமாரியின் மேல் லாச்சிக்குள் ஒட்டியிருக்கிறது. யாரும் திறந்து பார்க்கலாம்.

இனித் தேடிய கதை. முதலில் அளவெடுங்கள், பிறகு தேடுங்கள். அறையின் நீள அகலம், கதவின் அகலம், படிக்கட்டின் திருப்பம், வைக்கப்போகும் அல்பத்தின் உயரமும் ஆழமும் ஆகிய எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டோம். பிறகு மூன்று இடங்களில் பார்த்தோம். முதலில் எங்கள் சொந்தக் களஞ்சியம். ஒவ்வொரு பாடசாலையிலும் வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பு நடக்கிறது. பாவனைக்கு உதவாதது என்று ஒதுக்கப்பட்டதில் பாதி, ஒரு காலோ ஒரு பூட்டோ இல்லாமல் ஒதுங்கியதுதான். ஆனால் அது அரசாங்கச் சொத்து. எங்கள் இஷ்டத்துக்குத் தூக்கிவர முடியாது. அதிபரிடம் எழுத்தில் கேட்டு, பொருட்பதிவேட்டில் இடம் மாற்றி எழுதிய பிறகே தேக்கு அலுமாரியைத் தொட்டோம். அடுத்தது, கணினிப் பட்டியலுக்கு மாறிவிட்ட நூலகங்கள். அங்கே அட்டைப் பெட்டிகள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. கேட்டால், கொண்டுபோனால் போதும் என்பார்கள். மூன்றாவது, ஏலமும், மூடப்படுகிற அலுவலகங்களும்.

நூலக அட்டைப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நூலகப் பட்டியல் அட்டையின் அளவு உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்: 12.5 சென்ரிமீற்றர் அகலம், 7.5 சென்ரிமீற்றர் உயரம். முத்திரையை வைக்கும் சிறிய கண்ணாடித்தாள் உறைகள் அந்த அளவுக்குள் சுகமாக அடங்கும். முத்திரை சேகரிப்போருக்கென்றே செய்தது போல இருக்கும். லாச்சியின் அடியில் ஓடும் கம்பியை எறிந்துவிடாதீர்கள். நாட்டின் பெயர் எழுதிய பிரிப்பு அட்டைகளை அதில் கோத்து வைத்தால், லாச்சி கவிழ்ந்தாலும் ஒழுங்கு குலையாது.

வாங்குவதற்கு முன் எப்படிப் பார்ப்பது? மரமென்றால் கால்களையும் அடிப்பலகையையும் பின்பலகையையும் விரல் முட்டியால் தட்டுங்கள். சத்தம் வெறுமையாகக் கேட்டால் உள்ளே கறையான் தின்றிருக்கும். சின்ன வட்ட ஓட்டைகள் இருந்தால் பயப்படவேண்டாம், ஓட்டைக்குக் கீழே பாருங்கள். மாப்போல மெல்லிய தூள் புதிதாக விழுந்திருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. அதை மற்ற அலுமாரிகளுக்குப் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது. தூள் இல்லாமல் ஓட்டை கறுத்திருந்தால் பெரும்பாலும் பழைய காயம். இரும்பென்றால் ஒவ்வொரு லாச்சியையும் முழுவதும் இழுத்துப் பாருங்கள். மேலே இருக்கும் கறள் தேய்த்தால் போகும். அடித்தகட்டில் விரல் நுழைந்தால் விட்டுவிடுங்கள். திறப்பு இல்லையே என்று நல்ல அலுமாரியை விடவேண்டாம். பல இரும்பு அலுமாரிகளின் பூட்டு முகத்தில் ஓர் இலக்கம் பொறித்திருக்கும். அதைக் கொண்டு திறப்பு வெட்டுவிக்கலாம், முடியாவிட்டால் பூட்டை மட்டும் மாற்றலாம்.

கொண்டுவரும்போது லாச்சிகளை வெளியே எடுத்து, லாச்சிக்கும் அதன் கூட்டுக்கும் ஒரே இலக்கத்தை வெண்கட்டியால் எழுதுங்கள். கையால் செய்த பழைய பெட்டியில் ஒரு லாச்சி மற்றதன் இடத்தில் போகாது. பதினைந்தையும் கலந்துவிட்டால் ஒரு பகல் அதிலேயே போகும். எங்கள் மூன்றும் ஒரு லான்ட்மாஸ்டரில் வந்தன. ஒவ்வொரு சந்தியிலும் கடைக்குப் போகிறதோ கலியாண வீட்டுக்குப் போகிறதோ என்று கேட்டார்கள்.

இரும்பு அலுமாரியின் லாச்சிகளை முழுவதும் கழற்றியபோது பின்புறத்தில் விழுந்து கிடந்த கடதாசிகள் சில கிடைத்தன. பழைய பற்றுச்சீட்டுகள், ஒரு விடுமுறைக் கடிதம், அவற்றோடு யாரோ ஒருவரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மூலப்பிரதி. இடப்பெயர்வில் பத்திரம் தொலைத்துக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்தவர்கள் இந்தச் சபையில் பலர் இருக்கிறீர்கள். அந்தத் தாளின் பெறுமதியை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் அதை ஓர் உறையில் இட்டு, அதில் கண்ட ஊரின் கிராம அலுவலரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு உரியவரின் மகள் கல்லூரி வாசலுக்கு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். பழைய அலுமாரி வாங்குகிறவர் ஒவ்வொருவரும் லாச்சிக்குப் பின்னால் பார்க்கவேண்டும். அங்கே இருப்பது எங்கள் பொருளல்ல.

திருத்த வேலைக்கு ஆறு சனிக்கிழமைகள் எடுத்தன. தேக்கு அலுமாரியின் நான்கு கால்களில் இரண்டை அடியில் கறையான் அரித்திருந்தது. எங்களுக்கு உதவிய தச்சு வேலை ஐயா, பழுதான பாகத்தை மட்டும் வெட்டிவிட்டுப் புதுத் துண்டு பொருத்தினார். முழுக்காலையும் மாற்றினால் பழைய பொருத்துகள் ஆடிவிடும் என்றார். பிணைச்சல்களைப் புதிதாகப் போட்டோம். இறுக்கமாக ஓடிய லாச்சிகளைச் சீவ வேண்டாம், வெயில் காலத்தில் மரம் வற்றினால் அது தளர்ந்து போகும், மெழுகுதிரியால் ஓரத்தைத் தேய்த்தால் போதும் என்று அவர் சொன்னதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். பொலிஷ் போடும் வேலையைச் சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெளியில் வைத்துச் செய்யக்கூடாது. காயும் முன்னே தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். கொட்டிலுக்குள் மறைவாக வைத்துச் செய்தோம்.

இரும்பு அலுமாரியில் லாச்சி ஓடும் தண்டவாளங்களை மண்ணெண்ணெயால் கழுவி, துடைத்துக் காயவிட்டு, கொஞ்சம் கிறீஸ் பூசினோம். கறளைத் தேய்த்தெடுத்து ரெட் ஒக்சைட் அடித்து, அதன்மேல் எனாமல் வர்ணம் பூசினோம். பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆகவே சாண்ட் பேப்பரை நனைத்துத் தேய்க்கவேண்டும், வாயையும் மூக்கையும் கட்டிக்கொள்ள வேண்டும், அந்த வேலையைப் பெரியவர்கள்தான் செய்யவேண்டும். நாங்கள் செய்தோம், பிள்ளைகள் தேநீர் கொண்டுவந்தார்கள். வர்ணம் காய்ந்துவிட்டது என்று உடனே முத்திரையை உள்ளே வைக்கக் கூடாது. வாடை முழுவதும் போகும்வரை லாச்சிகளைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம்.

உள்ளே வைக்கும் முறைக்கு வருகிறேன். எங்கள் வீடுகளில் அலுமாரித் தட்டில் பழைய செய்தித்தாள் விரிப்பது வழக்கம். முத்திரைக்கு அது ஆகாது. செய்தித்தாளில் உள்ள அமிலம் தன்னோடு பட்டதையும் மஞ்சளாக்கும். அமிலமற்ற வெள்ளைத் தாள் விரித்தோம். மலிவான மென்மையான பிளாஸ்டிக் உறைகளையும் தவிர்த்தோம். அவை காலப்போக்கில் கசிந்து முத்திரையின் நிறத்தைக் கெடுக்கும். அல்பங்களைப் புத்தகம்போல நிமிர்த்தி வைக்கவேண்டும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் பாரத்தில், இந்த ஊர் ஈரத்தில், பின்புறப் பசை தாளோடு ஒட்டிவிடும். வேப்பிலை வைக்கலாமா என்று பல அம்மாமார் கேட்டார்கள். அலுமாரியின் கீழ்த்தட்டில் காய்ந்த இலையைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறோம், முத்திரைத் தாளில் பட்டால் கறை பிடிக்கும். ஈரத்தை உறிஞ்சுவதற்கு மருந்துப் போத்தல்களோடும் சப்பாத்துப் பெட்டிகளோடும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டிருக்கிறோம்.

அலுமாரிகள் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கின்றன. மாரியில் சுவர் ஈரம் ஏறாது, பின்புறத்தில் கறையான் புற்று ஏறினால் கண்ணுக்குத் தெரியும். கால்களுக்குக் கீழே செங்கல் வைத்ததும் அதற்காகத்தான். இரும்பு அலுமாரியில் பாரமானவை கீழ் லாச்சியில் இருக்கின்றன. மேல் லாச்சிகள் இரண்டை ஒரே நேரத்தில் இழுத்தால் அலுமாரி முன்னால் சரிந்து ஆளின்மேல் விழும். பிள்ளைகளே, ஒரு நேரத்தில் ஒரு லாச்சி. மறக்கவேண்டாம்.

இப்போது பதினைந்து லாச்சிகளில் முதலாவதைத் திறந்தால், முதல் அட்டையில் முத்திரை இல்லை. “1857, ஆறு பென்ஸ், இலங்கையின் முதல் முத்திரை” என்று மட்டும் எழுதி இடம் விட்டிருக்கிறது. அது எங்களிடம் இல்லை, வாங்கவும் வசதியில்லை, ஆனால் வரிசை எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். 1872இல் ரூபாவும் சதமும் வந்த இடத்தில் ஒரு பிரிப்பு அட்டை. 1948இல் சுதந்திரத்துக்கு ஒன்று. 1972இல் சிலோன் என்ற பெயர் சிறீ லங்கா ஆனதற்கு ஒன்று. லாச்சியை இழுத்துக்கொண்டே ஒரு பிள்ளை நாட்டின் வரலாற்றைப் படித்துவிடலாம். கடதாசிப் பெட்டிக்குள் குவிந்து கிடந்தபோது இந்த வரிசை யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அலுமாரி என்ற சொல் போர்த்துக்கேயரோடு வந்தது. மேசையும் கதிரையும் யன்னலும் அப்படியே. லாச்சி ஒல்லாந்தரோடு வந்தது. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்களும் போய்விட்டார்கள், 1658இல் அவர்களைத் துரத்தியவர்களும் போய்விட்டார்கள், பிறகு வந்த ஆங்கிலேயரும் போய்விட்டார்கள். சொல்லும் பொருளும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டன. தேவைப்பட்டதை வைத்துக்கொண்டு எங்களுடையதாக்குவது எங்களுக்குப் புதிய பழக்கமல்ல.

கடைசியாக இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது பழைய மாணவியருக்கு. திருத்திய அலுமாரி தானாக நன்றாயிருக்காது. ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, ஊரில் இருக்கிறவர்களில் நான்கு பேராவது ஒரு துணியோடு வாருங்கள். லாச்சிகளைத் திறந்து காற்றாட விட்டு, சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கி ஈரம் போக்கி, கால்களைத் தட்டிப் பார்ப்போம். மாரி முடிந்து தையில் இன்னொரு நாள். வருடத்தில் இரண்டே நாள்.

இரண்டாவது, கழகத்துப் பிள்ளைகளுக்கு. இந்த அறைக்கு மூன்று திறப்புகள் இருக்கின்றன. ஒன்று அதிபர் அலுவலகத்தில், ஒன்று பொறுப்பாசிரியையிடம், மூன்றாவது உங்கள் தலைவியிடம். அவள் கல்லூரியை விட்டுப் போகும் நாளில் அது அடுத்த தலைவியின் கைக்குப் போகவேண்டும். எந்த லாச்சியில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் இரண்டு பிரதிகள் எழுதியிருக்கிறோம். ஒன்று இங்கே, மற்றது கல்லூரிக்கு வெளியே சங்கச் செயலாளரிடம். ஒவ்வொரு தவணையும் இரண்டையும் ஒப்பிட்டுக் கையெழுத்திடுங்கள். இனி ஒருநாள் இந்த ஊரை விட்டு அவசரமாகப் போகவேண்டி வரக்கூடாது என்பதே எங்கள் பிரார்த்தனை. வந்தாலும், என்ன இருந்தது என்றாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அதுவும் தெரியாமல் போய்விட்டது.

தலைவிப் பிள்ளை முன்னால் வாருங்கள். இதோ உங்கள் திறப்பு.